எக்ஸ்கேசிடி சிரிப்பு: எந்தக் கட்டம் ஓடுது, எது மக்கர் பண்ணுது?

#1 நொய்யல்கரை

எக்ஸ்கேசிடி பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடையே இரண்டே கட்சிதான். "அறிவாளிகளுக்கான நகைச்சுவை, புரியாதவர்கள் ஒதுங்கி நிற்கவும்" என்று ஒரு கட்சி. "குச்சி பொம்மைக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே படத்தைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சிரிப்பு எந்தக் கட்டத்தில் பிறக்கிறது, எங்கே சிக்குகிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்கு: ராண்டல் மன்றோ 2005-ல் தொடங்கிய இணையச் சித்திரம். ஆள் இயற்பியல் படித்தவர், நாசாவின் லாங்லி மையத்தில் ரோபோ வேலை பார்த்தவர். திங்கள், புதன், வெள்ளியில் புதுப்படம் வரும். மனிதர்களுக்கு முகம் கிடையாது. படத்தின்மேல் மவுஸை நிறுத்தினால் இன்னொரு வரி எட்டிப்பார்க்கும்.

என் கட்சி இது. அவர் படங்களில் ஒரு பாதியில் அறிவியலே சிரிப்பை ஓட்டுகிற மோட்டார். மறுபாதியில் அறிவியல் வெறும் ஸ்டிக்கர். "அட, இது எனக்கும் தெரியுமே" என்ற திருப்தியைச் சிரிப்பென்று கணக்கு எழுதிக்கொள்கிறோம். பிரித்துப் பார்க்க ஒரு சோதனை: படத்தில் உள்ள துறையை எடுத்துவிட்டு வேறு துறையைப் பொருத்துங்கள். ஜோக் அப்படியே ஓடினால் அறிவியலுக்கு அங்கே வேலை இல்லை.

435-ம் எண் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகவியல் உளவியலின் பயன்பாடுதான், உளவியல் உயிரியலின் பயன்பாடுதான் என்று வேதியியல், இயற்பியல் வரை ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கணிதக்காரர் எங்கோ தள்ளி நின்றுகொண்டு, நீங்களெல்லாம் அங்கேயா இருக்கிறீர்கள் என்கிறார். இதையே தறிக்காரர், நூல் வியாபாரி, மில்காரர், பருத்தி விவசாயி என்று நிறுத்திப் பாருங்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஆக, ஸ்டிக்கர்.

#2 மோனோபிளாக்

சோதனை நல்லாருக்குதுங்க. ஆனா அதுல 149-ஐ வெச்சுப் பாருங்க. சாண்ட்விச் பண்ணிக் குடுன்னா மாட்டேங்கறான், லினக்ஸ் கணினில நிர்வாகி அதிகாரத்தோட கட்டளை குடுக்கற 'சூடோ'ங்கற சொல்லைச் சேத்துச் சொன்னா சரிங்கறான். 'கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேன்'னு மாத்துனாலும் ஓடத்தான் ஓடும். அப்ப அதுவும் ஸ்டிக்கருங்களா?

#3 அரைப்புள்ளி

இல்லை. கலெக்டர் ஆபீஸ் என்றால் அதிகாரம் வெளியிலிருந்து வருகிறது. சூடோவில் அப்படி இல்லை. 'சூ' கட்டளை ரூட் என்ற நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். சூடோ வழக்கமாகக் கேட்பது உங்கள் சொந்தக் கடவுச்சொல்லை. அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும். மறுத்தவனும் அதே ஆள், கேட்டவனும் அதே ஆள், நடுவில் மாறியது ஒரு சொல். அந்த அபத்தம் கலெக்டரை வைத்தால் வராது. இதில் அறிவியல் பாதி மோட்டார் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முழு மோட்டார் ஓடுகிற படம் வேண்டுமென்றால் 327 (2007). பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவுக்கு போன் வருகிறது. பையனுக்கு அவர் வைத்த பெயர் ராபர்ட்'); டிராப் டேபிள் ஸ்டூடன்ட்ஸ்;-- என்பது. பள்ளியின் தரவுத்தளம் அந்தப் பெயரைக் கட்டளையாக எடுத்துக்கொண்டதில் அந்த வருட மாணவர் பதிவு மொத்தமும் போச்சு.

இதில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை உண்டு. ஒற்றை மேற்கோள் பெயரை மூடுகிறது. அடைப்புக்குறி மதிப்புப் பட்டியலை மூடுகிறது. முதல் அரைப்புள்ளி சேர்க்கும் கட்டளையை முடித்துவைக்கிறது. அடுத்து அட்டவணையை அழிக்கும் கட்டளை. கடைசி இரண்டு கோடும் மிச்சமிருக்கும் வாலைக் குறிப்பாக மாற்றி ஒதுக்கிவிடும். அலங்காரத்துக்கென்று ஒரு எழுத்துக்கூட இல்லை.

நிஜத்தில் இது வெடிக்க நிறையக் கூடிவர வேண்டும். பெயர்தான் கடைசிப் புலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புலங்களின் எண்ணிக்கை பொருந்தாமல் முதல் கட்டளையே பிழையாகிவிடும். ஒரே அழைப்பில் பல கட்டளைகளை, தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர் நிரல் விட வேண்டும். பிஎச்பி நிரல்மொழியில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் மைஎஸ்கியூஎல்ஐயின் சாதாரண குவெரி அழைப்பு ஒன்றைத்தான் எடுக்கும், பலவற்றுக்குத் தனி அழைப்பு. பள்ளிக்கூட மென்பொருள் இயங்கும் கணக்குக்கு அட்டவணையை அழிக்கும் உரிமை இருக்க வேண்டும். அட்டவணைக்கு அந்தப் பெயர்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்றால் இரட்டைக் கோட்டுக்குப் பின் ஒரு இடைவெளி இல்லாமல் அது குறிப்பாகவே ஆகாது.

உள்ளே வரும் தரவைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டிருப்பீர்கள் என்று அம்மா சொல்வதோடு படம் முடிகிறது. தொழில்முறையில் அது இரண்டாம்தர அறிவுரை. சரியான வழி, கட்டளையில் கேள்விக்குறி வைத்துவிட்டு மதிப்பைத் தனியாக அனுப்புவது. அப்போது பையன் பெயர் அப்படியே, ஒரு புள்ளிகூடக் குறையாமல், பத்திரமாகப் பதிவாகும். சுத்தம் செய்கிறேன் என்று மேற்கோளைப் பிடுங்கினால் ஓ'பிரையன் என்று பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் பெயர் உடைந்துபோகும். ஆனால் ஜோக்குக்கு அந்த வரிதான் பொருத்தம். சுத்தம் பற்றி அம்மா பேசாமல் வேறு யார் பேசுவது? அந்த இடத்தில் 'அளவுரு பிணைப்பு' என்று எழுதியிருந்தால் படம் படுத்திருக்கும்.

#4 சும்மாபடிப்பவன்

இந்தப் பேரை நம்மூரு ஆன்லைன் ஃபார்ம்ல போட்டா?

#5 மோனோபிளாக்

இனிஷியல் பக்கத்துல புள்ளி வெச்சாலே பாதி ஃபார்ம் ஏத்துக்கறதில்லீங்க. அரைப்புள்ளிக்கெல்லாம் எங்கீங்க போறது.

#6 பச்சைமிட்டாய்

327-ல் குறி ஒவ்வொன்றும் வேலை செய்கிறது என்றால், 882-ல் (2011) கட்டம் ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. ஜெல்லி மிட்டாய் தின்றால் பரு வருமா என்று கேட்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் வேண்டாவெறுப்பாகச் சோதித்துவிட்டு, தொடர்பு இல்லை என்கிறார்கள். ஏதோ ஒரு நிறத்தால்தான் வருகிறதாம் என்று திரும்பக் கேட்கிறார்கள். ஊதா இல்லை, பழுப்பு இல்லை என்று ஒரே மாதிரிக் கட்டங்கள் வரிசையாகப் போகின்றன. மொத்தம் 20 நிறம். பச்சையில் மட்டும் தொடர்பு. அடுத்து பத்திரிகைத் தலைப்பு: பச்சை மிட்டாயால் பரு, 95% உறுதி!

ஒரு சோதனையில் தற்செயலாக 'கிடைத்துவிட்டது' என்று வருவதற்கு 5% வாய்ப்பு. 20 தனித்தனிச் சோதனை செய்தால் ஒன்றாவது அப்படி வருவதற்கான வாய்ப்பு, 0.95-ஐ 20 தடவை பெருக்கி 1-லிருந்து கழித்தால், 64%. அதாவது தலைப்புச் செய்தி கிடைக்காமல் போவதைவிடக் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். பல சோதனை செய்யும்போது வரம்பை இறுக்குகிற போன்ஃபெரோனி திருத்தப்படி 0.05-ஐ 20-ஆல் வகுத்து 0.0025 என்று வரம்பு வைத்திருந்தால் பச்சை தப்பித்திருக்கலாம்.

20 கட்டமும் அலுப்புத் தட்டுகிறது என்பவர்கள் இங்கேயே உண்டு. அந்த அலுப்புதான் படத்தின் உடல். மூன்று நிறம் காட்டிவிட்டு 'இப்படியே போனது' என்று சுருக்கியிருந்தால், எத்தனை தடவை வலை வீசினார்கள் என்பது கண்ணில் படாது. கண்ணில் படாததால்தான் பத்திரிகை வாசகரும் ஏமாறுகிறார். வாசகரையே எண்ண வைத்துவிட்டு, பிறகு பத்திரிகையில் அந்த எண்ணிக்கை மட்டும் காணாமல்போவதைக் காட்டுகிறார். பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் எடுக்கிற விஷயம்.

நொய்யல்கரையின் துறைமாற்றுச் சோதனையை இதில் போட்டால் குழப்பம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிட்டாய்க்குப் பதில் உரம் வைத்தாலும், பருவுக்குப் பதில் மஞ்சள் விளைச்சல் வைத்தாலும் ஓடும். அதனால் இது ஸ்டிக்கர் ஆகிவிடுமா? மாற்ற வேண்டியது மிட்டாயை இல்லை, 20-ஐ. இரண்டே நிறமென்று வைத்தால் வாய்ப்பு 10%-க்கும் கீழே போய், ஜோக் செத்துவிடுகிறது. எண்ணை மாற்றினால் சிரிப்பு மாறுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

#7 நொய்யல்கரை

> எண்ணை மாற்றினால் சிரிப்பு மாறுகிறதா

இது நான் வைத்ததைவிடக் கூர்மையான கத்தி, அக்கா. இதையே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 936 பற்றிச் சொல்லுங்கள். கடவுச்சொல் படம், 2011. எண்ணுக்குக் குறைவே இல்லை. ஆனால் அது ஜோக்கா, சுவரில் ஒட்டுகிற போஸ்டரா? மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு, எது நல்லது என்று ஒரு தீர்ப்பு. சிரிப்பு எங்கே?

#8 அரைப்புள்ளி

முக்கால்வாசி போஸ்டர்தான். கணக்கு சரியான கணக்கு. எழுத்தை எண்ணாக்கி, குறி சேர்த்து மாற்றிய ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 28 பிட் (ஒரு பிட் கூடினால் ஊகிக்க வேண்டியது இரட்டிப்பாகும்). நொடிக்கு 1,000 முயற்சி என்றால் 3 நாள். 2,048 சொல் கொண்ட பட்டியலிலிருந்து கண்ணை மூடி எடுத்த நான்கு சொல்லுக்குத் தலைக்கு 11 வீதம் 44 பிட். அதே வேகத்தில் 550 வருடம்.

நொடிக்கு 1,000 என்பது வெளியிலிருந்து ஒரு வலைத்தளத்தின் கதவைத் தட்டுகிற வேகம். படத்திலேயே அந்தக் குறிப்பு சின்னதாக இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. கடவுச்சொற்களை உருமாற்றிச் சேமித்த ஹாஷ் கோப்பு திருட்டுப்போய், அதுவும் வேகமான ஹாஷ் முறையாக இருந்து, நொடிக்கு 1,000 கோடி முயற்சி என்று வைத்தால் அந்த 44 பிட்டும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பகடை உருட்டி எடுக்கும் டைஸ்வேர் பட்டியலில் 7,776 சொல், ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய 12.9 பிட். ஆறு சொல் எடுத்தால் 77 பிட்டுக்கு மேல். இன்றைக்கு அதுதான் தேவை.

'கண்ணை மூடி எடுத்த' என்பதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மனதில் தோன்றுகிற நான்கு சொல் என்று விட்டால் நம்மூரில் 'மருதமலை முருகன் துணை அம்மா' என்றுதான் வரும். அதற்கு 44 பிட்டும் கிடையாது, நாலு பிட்டும் கிடையாது.

சிரிப்பு எங்கே என்றால், கடைசிக் கட்டத்தில். நான்கு சொல்லையும் வைத்து ஒரு குதிரைப் படம் வரைந்துவிட்டு, நீங்கள் இதை ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டீர்கள் என்கிறார். வாசகரே சோதனை எலி. சோதனை முடிந்த பிறகுதான் எலிக்குத் தகவல் போகிறது. அந்த ஒரு கட்டத்துக்காகப் போஸ்டரை மன்னிக்கலாம்.

#9 சும்மாபடிப்பவன்

பெரிய படங்களே பேசறீங்க. என்னைக் கேட்டா 552-தான். மூணே கட்டம்.

#10 பச்சைமிட்டாய்

ஆமாம். 552 (2009). தொடர்பு இருந்தால் அதுதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்கிறான் ஒருவன். புள்ளியியல் வகுப்புக்குப் போனேன், இப்போது நம்புவதில்லை என்கிறான். வகுப்பு உதவியிருக்கிறதே என்கிறாள் அவள். அவன் சொல்கிற பதில்: இருக்கலாம்.

வகுப்புக்குப் போனதும் நம்பிக்கை போனதும் அடுத்தடுத்து நடந்தவை மட்டுமே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல அவன் கற்ற பாடமே அவனை விடவில்லை. குரலை உயர்த்தவில்லை, கண்ணடிக்கவில்லை, மரியாதை குறையவில்லை. கோயமுத்தூர்க் குசும்பு என்று நாம் சொல்வது இந்த ரகம்தான். கடைக்காரர் முகத்தில் ஒரு அசைவு இல்லாமல் "இருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாரே, அதே.

அதில் மவுஸ் வரிதான் எனக்கு ஆகவில்லை. தொடர்பு என்பது புருவத்தை ஆட்டி 'அங்கே பாரு' என்று வாயசைக்குமாம். தனியாகப் பார்த்தால் நல்ல வரி. ஆனால் அவ்வளவு அடக்கமான படத்துக்குப் பின்னால் இப்படிக் கையை ஆட்டுவது கூடுதல் சத்தம். 882-ன் மவுஸ் வரியில் இந்தத் தொல்லை இல்லை. பச்சையை மறுபடி சோதித்தோம், ஒன்றும் இல்லை என்று ஆராய்ச்சியாளர் சொல்லி முடிப்பதற்குள், 'ஆய்வுகள் முரண்படுகின்றன, மேலும் ஆய்வு தேவை' என்று அடுத்த தலைப்பு வந்துவிடும். கதை ஒரு படி முன்னே போகிறது.

#11 தறிமேடை

மவுஸ் வரி பத்தி வரையறவங்க பக்கத்துல இருந்து நாலு வார்த்தைங்க. பக்கத்துல அது 'டைட்டில்' பண்புல உக்காந்திருக்கும். 'ஆல்ட்' பண்பு வேற, அது பார்வை இல்லாதவங்களுக்கு மென்பொருள் படிச்சுச் சொல்லறதுக்கு. எக்ஸ்கேசிடி தர்ற ஜேசான் தரவுக் கோப்புல மவுஸ் வரிக்கு 'ஆல்ட்'னே பேரு வெச்சிருக்கறதால நெறையப் பேரு ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க.

போன்ல மவுஸ் ஏது? பெரும்பாலான பிரவுசர்ல தட்டுனா அந்த வரி வராது. அதுக்குத்தான் அவங்க மொபைல் பக்கத்துல தட்டிப் பார்க்கற மாதிரி தனியா வெச்சிருக்காங்க. நம்மாளுங்க சிலபேரு வரியைப் படத்துக்குக் கீழயே பெருசா அச்சடிச்சர்றாங்க. அது தப்புங்க. கண்ணு கடைசிக் கட்டத்துக்குப் போறதுக்கு முந்தியே கீழ இருக்கற வரியைப் பொறுக்கிரும். ரெண்டாவது வெடி முதல்ல வெடிச்சா ரெண்டும் புஸ்ஸு.

இதைவிட முக்கியம், நம்ம பக்கம் முக்கால்வாசிப் பேருக்குப் படம் வாட்ஸாப்புலதான் வருது. ஃபார்வேர்டுல படம் மட்டும் வரும், டைட்டில் வரி அங்கயே கழண்டு விழுந்துரும். ஒரு படம் மவுஸ் வரி இல்லாம நிக்குமான்னு பாக்கோணும். 327, 552, 927 நிக்கும்.

குச்சி பொம்மை வரையத் தெரியாததால வந்ததுன்னு நெனைக்கற, #1-ல வந்த ரெண்டாவது கட்சிக்கு: 1190 'டைம்', 2013. 3,099 படச்சட்டம், மாசக்கணக்குல ஒண்ணொண்ணா மாறுச்சு. 2014-ல ஹியூகோ விருது வாங்குச்சு. முகம் இல்லாதது வேணும்னே பண்ணறது. முகம் போட்டா 'இருக்கலாம்'ங்கறப்ப அவன் சிரிக்கறானா இல்லையான்னு காட்டியாகோணும். காட்டுனா குசும்பு போச்சு.

#12 நொய்யல்கரை

நிற்கிற படங்களில் 927-ஐச் சேர்த்தது சரி. ஆனால் அது தமிழ் வாசகருக்கு நகைச்சுவையே இல்லை, நேர்முக வர்ணனை. ஒரே வேலைக்கு 14 தர வரையறைகள் போட்டி போடுகின்றன, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று கிளம்புகிறார்கள், இப்போது 15. தலைப்பிலேயே எழுத்துக் குறியாக்கம் என்று உதாரணம் போட்டிருக்கிறார்.

நம் கதையைப் பாருங்கள். எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும், எழுத்துக்கு எண் ஒதுக்கும் ஒரு குறியாக்கம் வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் திறக்காது. பொதுவாக இருக்கட்டும் என்று இணையக் குழுக்களில் திஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு. பொதுவாக இருக்கட்டும் என்று டாம், டாப் என்று இரண்டு, கூடவே தமிழ்99 விசைப்பலகை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இருந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியாக்கத்தையும் சேர்த்தே தரம் என்று அறிவித்தது. பொதுவாக இருக்கட்டும் என்று இரண்டு! மன்றோ கூட ஒன்றைத்தான் கூட்டினார்.

மவுஸ் வரி சார்ஜர் பற்றியது. மினி யூஎஸ்பி வந்து பிரச்சினை தீர்ந்தது, இல்லை மைக்ரோவா என்று முடியும். அதன்பிறகு டைப்-சி வந்து, 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதையே கட்டாயமும் ஆக்கியது. வயதாக ஆகப் பழுக்கிற ஜோக்கு.

#13 அரைப்புள்ளி

வயதாகிப் புளித்ததும் உண்டு. 1425 (2014 செப்டம்பர்). படம் தேசியப் பூங்காவில் எடுத்ததா என்று செயலி சொல்ல வேண்டும் என்றால் சில மணி நேரம் போதும் என்கிறார் நிரலாளர். படத்தில் இருப்பது பறவையா என்றால் ஆராய்ச்சிக் குழுவும் ஐந்து வருடமும் வேண்டும் என்கிறார். அடுத்த மாதமே ஃபிளிக்கர் நிறுவனம் 'பூங்காவா பறவையா' என்று ஒரு பக்கம் செய்து போட்டுவிட்டது. இப்போது போனிலேயே அது நடக்கிறது. இன்றைக்குப் பதினெட்டு வயதுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்தால் எது கஷ்டம் என்பதே புரியாது.

2347 (2020) வேறுவிதமாகக் கெட்டது. நவீன மென்பொருள் மொத்தமும் அடுக்கடுக்காக நிற்கிறது, அடியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் யாரோ ஒருவர் 2003 முதல் கைம்மாறு இல்லாமல் பராமரிக்கும் ஒரு குட்டித் துண்டு அதைத் தாங்குகிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவச மென்பொருளில் ஓட்டை, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற இன்னொன்றில் பின்கதவு என்று எது நடந்தாலும் இதே படத்தைத் தூக்கி ஒட்டுகிறார்கள். எக்ஸ்இசட்டுக்கு அது உள்ளபடி பொருந்தியது. களைத்துப்போன ஒரே பராமரிப்பாளர், உதவுகிறேன் என்று வந்தவர் வைத்த குழி. 2024 ஜூலையில் கிரௌட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறுக்கும் இதையே ஒட்டியதுதான் அபத்தம். அது காசு வாங்கும் பெரிய நிறுவனம் தானே அனுப்பிய அப்டேட். நெப்ராஸ்காக்காரருக்கு அங்கே என்ன வேலை? படம் ரப்பர் ஸ்டாம்ப் ஆகிவிட்டால் யாரும் அதைப் படிப்பதில்லை.

#14 பச்சைமிட்டாய்

435-ன் மேட்டிமைக்கு அவரே 1053-ல் (2012) மாற்று வைத்திருக்கிறார் என்பதையும் வரவில் எழுத வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததாக நாம் நினைக்கும் ஒன்றை, அமெரிக்காவில் தினமும் ஏறக்குறைய 10,000 பேர் முதல்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். வருடத்துக்கு 40 லட்சம் பிறப்பு, 365-ஆல் வகுத்தால் அந்த எண். ஆகவே தெரியாதவரைக் கிண்டல் செய்யாதே, கூட்டிப்போய்க் காட்டு. இந்தியாவில் வருடத்துக்கு 2 கோடிக்கு மேல் பிறப்பு என்பதால் தினமும் 55,000 பேருக்குக் குறையாது. எண்ணை மாற்றினால் ஜோக்கு பெரிதாகிறது, கெடுவதில்லை.

#15 மோனோபிளாக்

சரீங்க, நம்ம சரக்குல ஒண்ணு வெச்சுப் பாக்கலாமுங்களா? பம்ப்செட் கடை. நாலு கட்டம்.

1. வாடிக்கையாளர்: எட்நூறு அடிக்கு போர் போட்டாச்சுங்க. மோட்டாரை மேலயே வெச்சு உறிஞ்சிரலாமுங்களா?
2. கடைக்காரர்: பம்பு உறிஞ்சறதில்லீங்க. வெளிக்காத்துதான் தண்ணியை மேல தள்ளுது. அது 10 மீட்டருக்கு மேல தள்ளாதுங்க.
3. வாடிக்கையாளர்: அப்ப முடியாதுங்களா?
4. கடைக்காரர்: முடியுமுங்க. காத்துமண்டலத்தை 25 மடங்கு கனமாக்கோணும். அதுக்குத் தனியா கொட்டேசன் வருமுங்க.

கணக்கு: கடல்மட்டத்துல 10.3 மீட்டர். கோயமுத்தூர் 411 மீட்டர் உசரம், அதனால 9.8-க்கு எறங்கும். 800 அடி 244 மீட்டர். வகுத்தா 25. நடைமுறைல ஃபுட்வால்வு உரசல், தண்ணி ஆவியாகிக் குமிழி வந்து பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லரை அரிக்கறது எல்லாம் போக 6, 7 மீட்டருக்கு மேல யாரும் நம்ப மாட்டாங்க.

#16 நொய்யல்கரை

சரக்கு நல்ல சரக்கு. இரண்டாம் கட்டத்தைத் தூக்குங்கள். அங்கே பாடம் நடத்திவிடுகிறீர்கள், கடைசிக் கட்டம் வருவதற்குள் வாசகருக்கு விடை தெரிந்துவிடுகிறது. காற்றுதான் தள்ளுகிறது என்பதைக் கடைசி வரியே சொல்லாமல் சொல்லிவிடும். தெரியாதவர், காற்றுமண்டலத்துக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடிதான் ஜோக்கு.

மூன்றாம் கட்டமும் வேண்டாம். வசனம் இல்லாமல், கடைக்காரர் கால்குலேட்டர் தட்டுகிற ஒரு கட்டம் போடுங்கள்.

#17 அரைப்புள்ளி

ஜெட் பம்பில் மோட்டார் மேலேதானே இருக்கிறது? கம்ப்ரசர் வைத்து எடுப்பதிலும் மேலேதான்.

#18 மோனோபிளாக்

இருக்குமுங்க. ஆனா ரெண்டுமே உறிஞ்சல் மட்டும் இல்லை. ஜெட்டுல ஒரு பைப்பு வழியா கொஞ்சந் தண்ணியைக் கீழ அனுப்பி, நாசில் வழியா பீச்சி, அந்த வேகத்துல மத்த தண்ணியை இழுத்துத் தள்ளறது. கம்ப்ரசர் காத்தைக் கீழ அனுப்புது. அதுக்கோசரந்தான் 'உறிஞ்சிரலாமுங்களா'ன்னு கேக்க வெச்சது. 'மேல வெக்கலாமுங்களா'ன்னு மட்டும் கேட்டா கடைக்காரரு சொல்லறது பொய்யாயிரும்.

மவுஸ் வரி: 'வெள்ளிக் கிரகத்துல 90 மடங்கு ரெடியாவே இருக்குதுங்க. தண்ணிதான் இல்லை.'

#19 பச்சைமிட்டாய்

மவுஸ் வரி அருமை. 25 என்ற எண்ணை மேலே ஒருமுறை கேட்டதால்தான் 90 சிரிக்க வைக்கிறது. 460 டிகிரிக்கு மேல் சூடு என்பதையும் நுழைக்கலாம் என்று யாராவது வருவார்கள். விடாதீர்கள்.

#20 தறிமேடை

வரையறதுக்கு முந்தி ரெண்டு மூணு சங்கதிங்க. 740 பிக்சல் அகலத்துல வரைஞ்சா 360 அகலப் போன்ல பாதியாச் சுருங்கும். 24-ல எழுதுனா 12 ஆயி, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி தெரியாது. 30-க்குக் கொறையாம வெய்யுங்க. அப்ப கட்டத்துக்கு நாலு வரிக்கு மேல கொள்ளாது, வசனத்தைச் சுருக்கியே ஆகோணும். அதுவும் நல்லதுக்குத்தான்.

எழுத்தை இங்க்ஸ்கேப்புல வெச்சா தொந்தரவு இல்லை. பைத்தான் நிரல்ல பில்லோ நூலகம் வெச்சு அடிக்கறவங்க, எழுத்தை ஒழுங்காக் கோக்கற லிப்ராக்மையும் சேத்துக்கோணும். இல்லீனா 'கொட்டேசன்'ல கொம்பு 'க'வுக்கு முன்னால போகாம ஒட்டாம நிக்கும். பழைய ஃபோட்டோஷாப்புல வேர்ல்டு ரெடி லேஅவுட்டுக்கு மாத்திவெச்சாத்தான் ஒழுங்கா வரும்.

எக்ஸ்கேசிடி படத்தையே தமிழாக்கிப் போடறதுன்னா கிரியேட்டிவ் காமன்ஸ் 2.5 உரிமம், பேரைப் போட்டுத் தாராளமாப் போடலாம், விக்கக் கூடாது. 327-ஐத் திருப்பூர்ல பனியன்ல அடிச்சு வித்தா உரிமத்தை மீறுன மாதிரி. பம்ப்செட்டு நம்ம சொந்தச் சரக்கு, அதுக்கு அந்தக் கவலை இல்லை.

#21 சும்மாபடிப்பவன்

கடைசி வரில 'தனியா'வைக் கடைசிக்குத் தள்ளுனா? 'அதுக்குக் கொட்டேசன் தனிங்க.'

#22 மோனோபிளாக்

மாத்தியாச்சுங்க. மூணு கட்டம்.

1. எட்நூறு அடிக்கு போர் போட்டாச்சுங்க. மோட்டாரை மேலயே வெச்சு உறிஞ்சிரலாமுங்களா?
2. (கால்குலேட்டர்)
3. உறிஞ்சலாமுங்க. காத்துமண்டலத்தை மட்டும் 25 மடங்கு கனமாக்கோணும். அதுக்குக் கொட்டேசன் தனிங்க.

#23 அரைப்புள்ளி

கால்குலேட்டர் திரையில் 24.9 என்று தெரியட்டும். யாராவது வகுத்துப் பார்ப்பார்கள்.